கார்டை கிரேடிங்குக்கு அனுப்பலாமா? வேலூர்ப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீரர்கள் படம் அச்சிட்டுப் பாக்கெட்டில் வரும், சேகரிப்பவர்கள் காசு கொடுத்து வாங்கும் கார்டுகளைப் பற்றிய கேள்விகள் இவை. விஐடி விடுதிப் பையன்கள் கேட்பது கால்பந்து கார்டைப் பற்றி. சத்துவாச்சாரி அப்பாக்கள் கேட்பது மகனுடைய கிரிக்கெட் அட்டாக்ஸ் என்ற விளையாட்டுக் கார்டு டப்பாவைப் பற்றி. ஆற்காடு, வாலாஜா பக்கம் பரணில் கிடைத்த, அந்தக் காலத்தில் சிகரெட் பாக்கெட்டோடு வந்த பழைய சிகரெட் கார்டைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. எல்லாரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்பி, கார்டின் நிலைக்கு நம்பர் வாங்கலாமா? கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே தொகுத்திருக்கிறோம். கீழே வரும் ரூபாய்க் கணக்கு எல்லாம் உதாரணம். அனுப்புகிற அன்றைய கட்டணத்தையும் டாலர் விலையையும் போட்டு மறுபடி கணக்குப் பாருங்கள்.

கிரேடிங்னா இன்னாண்ணா? ஒரு பிளாஸ்டிக் டப்பால போட்டுத் தர்றதுக்கா இவ்ளோ காசு?

காசு டப்பாவுக்கு இல்லை, அவர்கள் சொல்லும் அபிப்பிராயத்துக்கு. கார்டு அசல்தானா என்று பார்க்கிறார்கள். ஓரம் வெட்டியது, சாயம் பூசியது, மடிப்பை அழுத்தி மறைத்தது என்று ஏதாவது கைவேலை நடந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு கார்டின் நிலைக்கு 1 முதல் 10 வரை ஓர் எண் தருகிறார்கள். உடைக்காமல் திறக்க முடியாத கெட்டிப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து, பெயர், வருடம், கிரேடு, சான்று எண் அச்சிட்ட சீட்டை மேலே வைக்கிறார்கள். அந்த உறைதான் ஸ்லாப். கிரேடு ஆகாத கார்டை ‘ரா’ என்பார்கள்.

லாங் பஜாரில் நகை வாங்கும்போது ஹால்மார்க் பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அதே காரியம். மூன்றாவது ஆள் சொன்னதை வைத்து இரண்டு பேர் பேரம் பேசலாம். ஆனால் ஹால்மார்க் தங்கத்தின் தரத்தைச் சொல்லும், நகை தேய்ந்ததா நசுங்கியதா என்று சொல்லாது. கிரேடு சொல்வதெல்லாம் அந்தத் தேய்மானத்தைத்தான். கார்டில் இருப்பவர் யார், அதை வாங்க ஆள் உண்டா என்பது அதில் வராது. யாருக்கும் வேண்டாத கார்டு 10 வாங்கினாலும் யாரும் வாங்கப்போவதில்லை.

எந்தக் கம்பெனி பெஸ்ட்?

நான்கு பெயர்கள் அதிகம் அடிபடும்: பி.எஸ்.ஏ. (1991 முதல்), எஸ்.ஜி.சி. (1998 முதல்), பெக்கெட், சி.ஜி.சி. நான்கும் அமெரிக்க நிறுவனங்கள். புதுக் கார்டை விற்கும் எண்ணம் இருந்தால் பி.எஸ்.ஏ. 10-க்குத்தான் ஆள் அதிகம். பெக்கெட் சீட்டில் சென்டரிங் (படம் நடுவில் அச்சாகியிருக்கிறதா என்பது), மூலை, ஓரம், மேற்பரப்பு என்று நான்கு துணை மதிப்பெண்கள் வாங்கலாம். நான்கும் 10 என்றால் கறுப்புச் சீட்டு, அது அபூர்வம். பி.எஸ்.ஏ.வில் 8.5 உண்டு, 9.5 கிடையாது. எஸ்.ஜி.சி.யின் கறுப்புப் பின்னணி பழைய கார்டுக்கு எடுப்பாக இருக்கும்.

உங்கள் கார்டே எந்த நிறுவனத்தின் ஸ்லாபில் என்ன விலைக்கு விற்றது என்று ஈபே விற்பனைத் தளத்தில் ‘விற்று முடிந்தவை’ பட்டியலைப் பாருங்கள். விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். கேட்பதற்கு யாரும் வரி போடுவதில்லை.

9-க்கும் 10-க்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியலை. விலை மட்டும் ஏன் அவ்ளோ தூரம்?

புதுக் கார்டு பாக்கெட்டிலிருந்து நேராக ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குப் போகிறது. வாங்குபவர் அதை எப்படியும் 9 அளவில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டுதான் ரா விலையே கொடுக்கிறார். ஆகவே 9 வந்தால் அவருக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. பல புதுக் கார்டுகளில் 9-இன் விலை, ரா விலையும் கிரேடிங் கட்டணமும் சேர்ந்த தொகையைக்கூட எட்டாது. 10 மட்டும்தான் தாவும்.

பழைய கார்டு வேறு. 1950-க்கு முந்தையதில் 5, 6 கூட நல்ல கிரேடு. அங்கே அசல் என்ற சான்றுக்கே பாதி மதிப்பு.

எந்தக் கார்டை அனுப்பலாம்? எதை அனுப்பவே கூடாது?

அனுப்பத் தகுந்தவை: பெரிய வீரரின் முதல் வருடக் கார்டு, எண்ணிக்கை அச்சிட்ட கார்டு (பின்னால் 25-இல் 7 என்பதுபோல் இருக்கும், அதாவது மொத்தம் 25 அச்சிட்டதில் ஏழாவது), நிறுவனமே கையெழுத்து வாங்கிப் பாக்கெட்டில் வைத்த கார்டு, போலி அதிகம் புழங்கும் விலையுயர்ந்த பழைய கார்டு. விட்டுவிட வேண்டியவை: எல்லாப் பாக்கெட்டிலும் வரும் சாதாரணக் கார்டு, ஆடித் தேய்ந்த அட்டாக்ஸ், பத்துக் கார்டு சேர்ந்தாலும் ஒரு பிரியாணிக்குத் தேறாத டிரம்ப் கார்டு.

கிரிக்கெட்டைப் பற்றி ஒரு கசப்பான விஷயம். நம் ஊரில் ரசிகர் கோடிக்கணக்கில் இருந்தாலும், கார்டுக்குக் காசு கொடுப்பவர் கூடைப்பந்து, பேஸ்பால், கால்பந்துக்கு இருக்கும் அளவு இல்லை. விற்க மாதக்கணக்கில் ஆகலாம். அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

80-கள்ல பிக் ஃபன் பபிள்கம்மோட வந்த கிரிக்கெட் படம் ஒரு கட்டு இருக்கு. கபில்தேவ் கூட இருக்காரு. அனுப்பலாமா சார்?

லாபத்துக்கு என்றால் வேண்டாம். மெல்லிய தாள், சர்க்கரைப் பிசுக்கு, ரப்பர் பேண்ட் பதிந்த தடம், பின்பக்கம் பசை என்று ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும். ஒரு படத்துக்கான கிரேடிங் செலவில் அதேபோல் ஒரு கட்டுப் படமே வாங்கிவிடலாம். அமிலமில்லாத தாளுக்கு நடுவே தட்டையாக வையுங்கள். ரப்பர் பேண்டை இன்றைக்கே கழற்றுங்கள். நாளானால் அது உருகி ஒட்டிக்கொள்ளும், பிரிக்கும்போது மேல்தாளும் கூடவே வரும்.

கணக்கை ஒருமுறை போட்டுக் காட்டுங்களேன். 10 வந்தா 9,000 போகும்னு பார்த்தேன், ராவா வித்தா 2,000தான்.

கட்டணம் 25 டாலர், டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 2,250. பத்துக் கார்டு சேர்த்து அனுப்பினால் போகவர அஞ்சல் செலவில் உங்கள் பங்கு 750. ஸ்லீவ், உறை, இடைத்தரகர் கூலி 300. ஆக ஒரு கார்டுக்கு 3,300 ரூபாய். விற்கும் தளம் சுமார் 13 சதவீதம் பிடித்துக்கொள்ளும்.

இப்போது 10 மட்டுமே வரும் என்று கனவு காணாமல் பிரித்துப் பாருங்கள். இதே மாதிரி பத்துக் கார்டு அனுப்பினால் மூன்று 10, ஐந்து 9, இரண்டு 8 வருகிறது. விலை முறையே 9,000, 4,000, 2,000. மொத்தம் 27,000 + 20,000 + 4,000 = 51,000. சராசரி 5,100. தளத்தின் பங்கு போக 4,437. செலவு 3,300 போனால் கையில் 1,137. சும்மா ராவாக விற்றிருந்தால் தளத்தின் பங்கு போகவே 1,740 நின்றிருக்கும். நேரில் விற்றால் முழுசாக 2,000.

அதே கார்டில் ஐந்து 10, நான்கு 9, ஒரு 8 வந்தால் சராசரி 6,300, கையில் 2,181. மாதக்கணக்கில் காத்திருந்ததற்கு நேரில் விற்பதைவிட 181 ரூபாய் கூடுதல். உங்கள் கையில் இருக்கும் கார்டுகளில் பாதியாவது 10 வாங்கும் என்று நம்ப முடியாவிட்டால் இந்த விலைக் கார்டை அனுப்ப வேண்டாம். அந்த நம்பிக்கை அடுத்த கேள்வியில்தான் இருக்கிறது.

வீட்லயே எப்படி செக் பண்றது?

நகைத் தொழில் சாமான் விற்கும் கடையில் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், ஒரு டார்ச், ஒரு கறுப்புத் துணி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகக் காய வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். கார்டை ஓரத்தில் மட்டும் பிடியுங்கள்.

முதலில் மூலைகள். கறுப்புத் துணியின் மேல் வைத்து நான்கு மூலையையும், முன்பக்கம் பின்பக்கம் என எட்டுத் தடவை லென்ஸில் பாருங்கள். கூர்மை மழுங்கி நார் எட்டிப் பார்த்தால் 10 போச்சு. ஓரம் அடர்நிறமாக இருக்கும் கார்டில் வெள்ளைப் புள்ளி பின்பக்கத்தில்தான் அதிகம் தெரியும். முன்பக்கம் மட்டும் பார்த்து ஏமாறுகிறவர்கள்தான் பெரும்பாலோர்.

அடுத்து மேற்பரப்பு. அறை விளக்கை அணைத்து, டார்ச்சைக் கார்டின் உயரத்துக்கே தாழ்த்தி, பக்கவாட்டில் அடியுங்கள். கார்டை மெல்லச் சாய்த்துக்கொண்டே வாருங்கள். நேர் வெளிச்சத்தில் கண்ணாடிபோல் இருந்த கார்டில், ஒரு கோணத்தில் மட்டும் மேலிருந்து கீழாக மயிரிழைக் கோடு ஒன்று மின்னி மறையும். அது அச்சு உருளை விட்ட கோடு. நீங்கள் கீறியதில்லை என்றாலும் மதிப்பெண் குறையும். ஊசி முனையளவு குழி, விரல் ரேகை, பாக்கெட்டுப் பிசுக்கு இவையும் இந்தக் கோணத்தில்தான் அகப்படும். பளபளப்பான ஃபாயில் கார்டில் இதற்கு மட்டுமே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள்.

சென்டரிங் சென்டரிங்னு சொல்றாங்களே, அதை எப்படி அளக்கறது?

இடது வெள்ளை விளிம்பையும் வலது விளிம்பையும் அளந்து கூட்டுங்கள். இடது 3 மி.மீ., வலது 2 மி.மீ. என்றால் மொத்தம் 5. பெரிய பக்கம் அதில் 60 சதவீதம். ஆக 60/40. மேல், கீழுக்கும் அப்படியே. பி.எஸ்.ஏ. 10-க்கு முன்பக்கம் ஏறக்குறைய 55/45-க்குள்ளும் பின்பக்கம் 75/25-க்குள்ளும் இருக்க வேண்டும். 5 மி.மீ.யில் 55/45 என்றால் 2.75-ம் 2.25-ம், அதாவது இரண்டு பக்கத்துக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஸ்கேலின் ஒரு கோடு. அதற்கு மேல் போனால் மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தாலும் 10-ஐ மறந்துவிடுங்கள்.

விளிம்பே இல்லாமல் படம் ஓரம்வரை ஓடும் கார்டில், எழுத்தும் சின்னமும் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று அதே வகையின் வேறு கார்டோடு ஒப்பிட வேண்டும்.

மேல லேசா கறை இருக்கு. துடைச்சிட்டு அனுப்பலாமா?

உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால், அழுத்தாமல், தூசியையும் விரல் ரேகையையும் எடுக்கலாம். பளபளப்புப் பூச்சுள்ள கார்டுக்கு மட்டும். பூச்சில்லாத பழைய அட்டையில் துணி பட்டாலே நார் எழும்பும்.

தண்ணீர், ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கும் திரவம், மெழுகு எதுவும் கூடாது. வளைவை நிமிர்த்த இஸ்திரிப் பெட்டியா என்று கேட்காதீர்கள்.

மூலை நைஞ்சிருக்கு. ஓரத்தை ஒரு மயிரிழை சீவிட்டா யாருக்குத் தெரியும்?

நிறுவனத்துக்குத் தெரியும். இன்றைய கார்டின் அளவு 63.5 × 88.9 மி.மீ. அவர்கள் அளவையும் பார்ப்பார்கள், வெட்டிய ஓரத்தின் தன்மையையும் பார்ப்பார்கள். ஆலை வெட்டும் பிளேடு வெட்டும் லென்ஸில் வேறு வேறாகத் தெரியும். கண்டுபிடித்தால் எண் தராமல் திருப்புவார்கள், கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது. வெட்டியதை மறைத்து விற்பது மோசடி.

அவர்கள் ஏமாந்ததே இல்லையா என்றால், ஏமாந்திருக்கிறார்கள். பி.எஸ்.ஏ. முதன்முதலில் கிரேடு செய்த கார்டே ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் 1909-11 காலத்து சிகரெட் கார்டு. 8 கொடுத்தார்கள். அதன் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று பில் மாஸ்ட்ரோ என்ற ஏலக்காரர் 2013-இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் அது பல கை மாறி, 2007-இல் 28 லட்சம் டாலருக்கு விற்றிருந்தது. சீட்டை மட்டும் பார்க்காமல் கார்டையும் பாருங்கள் என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

கார்டு வில்லு மாதிரி வளைஞ்சிடுச்சு. நம்ம ஊர் வெயில்தான் காரணமா?

வேலூரை வெயிலூர் என்று கிண்டல் செய்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வளைவுக்கு முதல் காரணம் காற்றின் ஈரம். ஃபாயில் கார்டில் ஒரு பக்கம் தாள், ஒரு பக்கம் பிளாஸ்டிக் படலம். தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்து சுருங்கும், படலம் அசையாது. சித்திரை வெயிலில் ஒரு பக்கமும் ஐப்பசி மழையில் மறுபக்கமும் வளைவது அதனால்.

மொட்டை மாடிக்கு நேர் கீழறை, மேற்குச் சுவர் ஒட்டிய பீரோ, வண்டி டிக்கி மூன்றும் ஆகாது. மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ வாங்கும் வீடுகளில் இதற்குப் பஞ்சமில்லை. ஷூ பெட்டியில் வெகுநாள் கிடந்த பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும், புதிதாகப் பாருங்கள். வாடை அடிக்கும் பி.வி.சி. கவர், பசை தடவிய போட்டோ ஆல்பம் இரண்டும் கார்டுக்கு எமன்.

இங்கிருந்து எப்படி அனுப்பறது? நேரா போஸ்ட்லயா, ஏஜென்ட்டா?

இருபதுக்குக் குறைவான கார்டு என்றால், பலருடையதைச் சேர்த்து அனுப்பும் இடைத்தரகர்தான் மலிவு. கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை: கார்டு வாரியான பட்டியல், இரு பக்கப் படம், தொலைந்தால் யார் எவ்வளவு தருவது, கூடுதல் கட்டணம் வந்தால் யார் கட்டுவது, தோராய நாள். வாட்ஸப் வாய்மொழியை நம்பி ஒரு லட்சம் ரூபாய்க் கார்டைக் கொடுக்காதீர்கள். நேராக அனுப்பினால், நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்து, அச்சிட்ட படிவத்தில் உள்ள அதே வரிசையில் கார்டுகளை அடுக்கி, சுங்கப் படிவத்தோடு ஸ்பீட் போஸ்டில் கட்ட வேண்டும். அமெரிக்காவுக்கான அஞ்சல் விதி மாறிக்கொண்டே இருக்கிறது. பொட்டலம் கட்டும் முன் தலைமை அஞ்சலகக் கவுன்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

மூலை நசுங்குவது பெரும்பாலும் வழியில் இல்லை, ஸ்லீவில் போடும்போதுதான். ஸ்லீவின் வாயை இரு பக்கமும் லேசாக அமுக்கினால் முட்டை வடிவில் விரியும். கார்டின் கீழ் மூலை இரண்டும் ஒரே சமயத்தில் நுழைய வேண்டும். ஒரு மூலை முதலில் தட்டினால் அங்கேயே நிறுத்தி வெளியே எடுங்கள். பிறகு ஸ்லீவோடு, கார்டு சேவர் எனப்படும் பாதி வளையும் உறையில். டாப் லோடர் எனப்படும் வளையாத கெட்டி உறை வேண்டாம், அதிலிருந்து எடுப்பது அவர்களுக்குச் சிரமம். அடுக்கை இரண்டு அட்டைக்கு நடுவே வைத்து, அசையாத அளவுக்கு மட்டும் ரப்பர் பேண்ட். அதைப் பபிள் தாளில் சுற்றி, பெட்டியைக் குலுக்கிப் பாருங்கள், சத்தம் வரக்கூடாது.

கார்டோட மதிப்பைக் கம்மியா போட்டா கட்டணம் குறையுமில்ல?

குறையும், பார்சல் தொலையும்வரை. அறிவிக்கும் மதிப்பை வைத்துத்தான் திரும்பும் பார்சலுக்கு இன்சூரன்ஸ். மேலும் கிரேடு வந்தபின் கார்டின் மதிப்பு அந்தக் கட்டண வரம்பைத் தாண்டினால் மேல்நிலைக் கட்டணத்தை அவர்களே வசூலிப்பார்கள்.

திரும்பி வரும்போது கஸ்டம்ஸ்ல பிடிச்சா?

புது இறக்குமதி என்று நினைத்து முழு மதிப்புக்கும் வரி கேட்கலாம். இங்கிருந்து போன பொருளே மூன்றாண்டுக்குள் திரும்பினால் சலுகைக்கு வழி உண்டு, ஆனால் அதே பொருள்தான் என்று காட்டுவது உங்கள் வேலை. அனுப்பிய ரசீது, சுங்கப் படிவ நகல், இரு பக்கப் படம், நிறுவனத்தின் பதிவு எண் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். எண்ணிக்கை அச்சிட்ட கார்டுக்கு இங்கே ஒரு அனுகூலம்: அந்த எண்ணே அடையாளம்.

ஏர்போர்ட்ல வீரர்கிட்ட நேரா கையெழுத்து வாங்கின கார்டு. அதுக்கு?

உங்களுக்கு அசல் என்று தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இதற்குக் கையெழுத்துச் சான்று என்று தனிச் சேவையும் தனிக் கட்டணமும் உண்டு. கார்டின் நிலைக்கு எண் கேட்காமல் கையெழுத்துக்கு மட்டும் சான்று கேட்பது நல்லது, ஏனென்றால் கையில் பிடித்து எழுதிய கார்டில் அழுத்தத் தடம் கட்டாயம் இருக்கும். பாக்கெட்டிலேயே கையெழுத்தோடு வந்ததற்கு அந்தச் சான்று தேவையில்லை.

ஏற்கெனவே கிரேடான ஸ்லாப் ஒண்ணு கம்மி விலைக்கு வருது. வாங்கலாமா?

அந்தக் கம்மி விலைதான் சந்தேகப்பட வேண்டிய இடம். சான்று எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது; போலிக்காரர்கள் உண்மையான எண்ணைத்தான் நகலெடுப்பார்கள். தளத்தில் படம் இருந்தால் சென்டரிங்கையும் அச்சுப் புள்ளிகளையும் ஒப்பிடுங்கள். உறையின் ஓரத்தில் இணைப்பு மங்கலாக, பசை தெரிய, பிளந்து ஒட்டியதுபோல் இருந்தால் வேண்டாம்.

8தான் வந்துச்சு. உடைச்சு மறுபடி அனுப்பலாமா?

எதனால் 8 என்று முதலில் கண்டுபிடியுங்கள். மேலே சொன்ன டார்ச் சோதனையை ஸ்லாப் வழியாகவே செய்யலாம். காரணம் தெரிந்தால் அதே காரணம் அடுத்த முறையும் இருக்கும். எவ்வளவு தேடியும் தெரியவில்லை, 9 வந்தால் விலை கணிசமாக ஏறும் என்றால் மட்டும் யோசியுங்கள். உடைக்காமலே மறு ஆய்வுக்கு அனுப்பவும் வழி உண்டு. இப்படி ஒரே கார்டு பலமுறை போவதால், எத்தனை 10 இருக்கின்றன என்று நிறுவனம் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியலும் கொஞ்சம் ஊதித்தான் இருக்கும்.

தாத்தா பெட்டியில ஆற்காடு ரூபாய் நாணயம் நாலு இருக்கு. பி.எஸ்.ஏ. குழுமத்துலயே காசுக்கும் கிரேடிங் இருக்காமே, கார்டோட சேர்த்து அனுப்பிடவா?

கூடாது. ஆற்காடு நவாபின் நாணய அமைப்பில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும்கூட அடித்த காசு அது. நூறு ஆண்டை எப்போதோ தாண்டியது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள், தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. திரும்பி வரத்தானே போகிறது என்ற வாதம் செல்லாது. நூறு ஆண்டை நெருங்கிய சிகரெட் கார்டு வைத்திருப்பவர்களும், அனுப்பும் முன் இந்திய தொல்லியல் துறையிடம் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்று தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது. ஜான் பிளேயர் நிறுவனத்தின் 1934, 1938 கிரிக்கெட் வரிசைகளுக்கு (ஒவ்வொன்றும் 50 கார்டு) இன்னும் அந்த வயது ஆகவில்லை.

நாணயத்தை உள்ளூரில் நாணயம் தெரிந்த இரண்டு பேரிடம் காட்டுங்கள். அதுவரை புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்பு போய்விடும்.